கடைக் கணக்கைக் கொண்டு நுகர்வோர் தேவையை அறிதல்

எந்த நெல்லினத்தை விதைப்பது, எவ்வளவு நிலத்திற் கத்தரி நடுவது என்பவற்றைக் கமக்காரர் பலர் சென்ற போகத்து விலையை மட்டும் நோக்கித் தீர்மானிக்கின்றனர். விலை ஏறியது தேவை பெருகியதனாலா, அன்றி வரவு குறைந்ததனாலா என்பதை விலை மட்டும் காட்டாது. வரவு குறைந்ததனால் ஏறிய விலையை நம்பி யாவரும் ஒரே பயிரைச் செய்கை பண்ணின், அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்து, பறித்த கூலிக்கும் காணாது போகும்.

ஆகவே, சில்லறைக் கடைகளில் விற்ற அளவையும் விலையுடன் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

1. விலையும் அளவும் கூடினால், தேவை பெருகியுள்ளது.
2. விலை கூடி அளவு குறைந்தால், வரவு குறைந்துள்ளது. வரவு சீரடைந்ததும் விலை இறங்கும்.
3. விலை குறைந்து அளவு கூடினால், வரவு மிகுந்துள்ளது.
4. இரண்டும் குறைந்தால், தேவை தளர்ந்துள்ளது.

அரிசி நமது அன்றாட உணவாகும். அதன் விலை ஏறினாலும் குடும்பமொன்று உண்ணும் மொத்த அளவு பெரிதும் குறைவதில்லை. ஆனால் கீரிச் சம்பா வாங்கியோர் நாட்டரிசிக்கு மாறுவர். எனவே அரிசிக் கணக்கை இனவாரியாக எழுதுதல் அவசியம்.

கணக்கு எடுக்கும் முறை

ஊரிலுள்ள இரண்டு மூன்று கடைக்காரரிடமும் கூட்டுறவுக் கடையிலும் வாரந்தோறும் விலை, விற்ற அளவு, எஞ்சிய அளவு, சரக்கு முடிந்த நாள் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்க. சரக்கு முடிந்த நாளை விடுதலாகாது. உதாரணமாக, திங்கட்கிழமை காலை வந்த 60 கிலோ சிவப்புப் பச்சையரிசி புதன்கிழமை மாலையில் முடிந்ததெனக் கொள்வோம். அவ்வார விற்பனை 60 கிலோ. ஆயினும் நாளொன்றுக்கு 20 கிலோ விற்றமையால், ஆறு நாள் வியாபாரத்திற்கு ஏறத்தாழ 120 கிலோ தேவைப்பட்டிருக்கும்.

தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு வாரங்களில் விற்பனை வழமைக்கு மேற்படும். அவற்றை வேறாகக் குறித்தல் நன்று. ஒரு மாதக் கணக்கை முந்திய ஆண்டின் அதே மாதத்துடன் ஒப்பிடுதல் வேண்டும். பிற சந்தைகளின் விலையை அறிய, ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் வெளியிடும் விலை அறிக்கைகள் உதவும்.

மூன்றரை மாத நெல்லை விதைப்பவர், அறுவடைக் காலத்துச் சந்தையை எண்ணியே இனத்தைத் தெரிதல் வேண்டும். ஆதலின் இக்கணக்கைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற்கு முன்னரே கமக்காரர் அமைப்பில் யாவரும் கூடி ஆராய்ந்து, ஒரே பயிரில் எல்லோரும் இறங்காது நிலத்திற்கேற்பப் பகிர்ந்து செய்கை பண்ணுவாராயின், விளைபொருள் தேங்கி நட்டமடைவதைப் பெரிதும் தவிர்க்கலாம்.