தூங்கும் ராட்சதனை எழுப்புவது எப்படி?

துருப்பிடித்த புல்டோசர் மீண்டும் உறுமுகிறது!

புதருக்குள் ஒரு பெரிய எந்திரம் கிடக்கிறது. உடம்பெல்லாம் துரு. ஆள் உட்காரும் இடத்தில் பறவை கூடு கட்டியிருக்கிறது. செயினுக்கு இடையே ஒரு மரம் முளைத்து, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து விட்டது.

"பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டியதுதான்" என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

ஆனால், எல்லோரும் அப்படி நினைப்பது இல்லை. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், இப்படிக் கிடக்கும் புல்டோசர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். 60 வயது, 70 வயது, 80 வயது ஆன எந்திரங்கள்! அவற்றைப் பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். சிலருக்கு இது ஆசை. சிலருக்கு இது பிழைப்பு. புது புல்டோசர் வாங்க வசதி இல்லாத விவசாயி, பழையதை எழுப்பித் தன் நிலத்தைச் சமன் செய்கிறார்.

இது சாத்தியமா? சாத்தியம்தான். ஆனால், இதில் பணத்தைவிடப் பொறுமை அதிகம் வேண்டும். பொறுமை தவறினால் எந்திரம் உடையும். ஆளும் சாகலாம்!

பழைய இரும்பில் பிறந்தது

புல்டோசர் என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்தது. ஒன்று, செயின் மேல் ஊர்ந்து செல்லும் டிராக்டர். மற்றொன்று, அதன் முன்னால் மண்ணைத் தள்ளும் இரும்புப் பிளேடு.

முதலில் வந்தது டிராக்டர். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டாக்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் நீராவி டிராக்டர் செய்து விற்றார். அந்தப் பக்கத்து மண் பஞ்சு போன்றது. கனமான டிராக்டரின் சக்கரங்கள் அதில் புதைந்தன.

ஹோல்ட் யோசித்தார். பின் சக்கரங்களைக் கழற்றினார். மரக்கட்டைகளை வரிசையாகக் கோத்து, செயின் போலச் சுற்றி மாட்டினார். 1904-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி அதை ஓட்டிப் பார்த்தார். டிராக்டர் புதையவில்லை! பாரம் முழுவதும் இரண்டு சக்கரங்களின் மேல் விழாமல், நீண்ட செயின் மேல் பரவி விட்டது.

அது ஊர்ந்து போவதைப் பார்த்த புகைப்படக்காரர் ஒருவர், "கம்பளிப் பூச்சி போலப் போகிறதே!" என்றாராம். கம்பளிப் பூச்சிக்கு ஆங்கிலத்தில் கேட்டர்பில்லர் என்று பெயர். அந்தப் பெயரே நிலைத்தது. பிறகு, 1925-ம் ஆண்டில் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து, கேட்டர்பில்லர் டிராக்டர் கம்பெனி உருவானது.

பிளேடு பிறந்த கதை இன்னும் வேடிக்கையானது. 1923-ம் ஆண்டு. கான்சாஸ் மாநிலத்தில் மாரோவில் என்ற சிற்றூர். எண்ணெய்க் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளங்களை மூட வேண்டியிருந்தது. ஜேம்ஸ் கம்மிங்ஸ் என்ற விவசாயியும், மெக்லியாடு என்ற வரைபடக்காரரும் ஒரு வழி கண்டார்கள். பழைய ஃபோர்டு காரின் சட்டம், காற்றாடி எந்திரத்தின் ஸ்பிரிங், இன்னும் கிடைத்த பழைய இரும்புகள் ஆகியவற்றைச் சேர்த்து, டிராக்டரின் முன்னால் ஒரு பிளேடு மாட்டினார்கள். 1925-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

ஆக, புல்டோசர் பிளேடு பிறந்ததே பழைய இரும்பில்தான்!

காட்டுக்குள் கைகுலுக்கல்

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. புல்டோசரின் புகழ் உலகமெல்லாம் பரவியது.

1942-ம் ஆண்டில், அலாஸ்காவுக்குச் சாலை போட அமெரிக்க ராணுவம் முடிவு செய்தது. நீளம் சுமார் 2,400 கிலோ மீட்டர். எல்லாம் காடும், மலையும், சேறும். புல்டோசர்கள் மரங்களைச் சாய்த்துக் கொண்டு முன்னே சென்றன. எட்டே மாதங்களில் பாதை முடிந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம். கறுப்பின வீரர்களின் படையைச் சேர்ந்த ரெஃபைன்ஸ் சிம்ஸ், ஒரு பக்கமிருந்து புல்டோசர் ஓட்டி வந்தார். வெள்ளையர் படையைச் சேர்ந்த ஆல்பிரட் ஜலுப்கா, எதிர்ப் பக்கமிருந்து ஓட்டி வந்தார். நடுக்காட்டில் இரண்டு எந்திரங்களும் நேருக்கு நேர் சந்தித்தன. இருவரும் கைகுலுக்கினார்கள். கறுப்பரையும் வெள்ளையரையும் ராணுவம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்த காலம் அது!

இந்தியாவுக்கும் இந்த எந்திரங்கள் வந்தன. அசாமில் உள்ள லெடோவில் இருந்து, பர்மா வழியாகச் சீனாவுக்குச் சாலை போட்டார்கள். மலையை அறுத்தது புல்டோசர்தான்.

பழையது கொடுத்த சோறு

1945-ம் ஆண்டில் யுத்தம் முடிந்தது. யுத்தத்தில் அடிபட்ட டிராக்டர்களும் புல்டோசர்களும் இங்கே மிஞ்சின.

அப்போது நாட்டில் கடும் உணவுத் தட்டுப்பாடு. ஆனால், மத்திய இந்தியாவில் நல்ல நிலமெல்லாம் தரிசாகக் கிடந்தது. காரணம், கான்ஸ் என்ற புல். இது நாணல் வகையைச் சேர்ந்தது. இதன் வேர் மிக ஆழத்தில் ஓடும். மாட்டு ஏரால் அதை அசைக்க முடியாது. வெட்டினாலும் மறுபடி முளைக்கும். இந்தப் புல்லுக்கு நிலத்தைப் பறிகொடுத்த விவசாயிகள் பலர்.

மத்திய டிராக்டர் நிறுவனம் என்ற அமைப்பை அரசாங்கம் ஏற்படுத்தியது. அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற பழைய டிராக்டர்களை வாங்கி, பழுது பார்த்து, வேலையைத் தொடங்கினார்கள். கோடையில் நிலத்தை ஆழமாக உழுது, வேரைப் புரட்டி மேலே போட்டார்கள். வெயில் அதைக் காய வைத்துக் கொன்றது. 1949-ம் ஆண்டில், புது டிராக்டர்கள் வாங்க உலக வங்கி 1 கோடி டாலர் கடன் கொடுக்க முன்வந்தது. ஆனால், முதல் ஏர் பிடித்தவை பழைய எந்திரங்களே!

முதல் வேலை: பார்ப்பது

சரி, பல ஆண்டுகள் மழையில் கிடந்த புல்டோசரை எப்படி எழுப்புகிறார்கள்?

யுத்த காலத்து "டி-7" என்ற கேட்டர்பில்லரை எடுத்துக் கொள்வோம். டிராக்டரின் எடை மட்டும் சுமார் 11 டன். டீசல் என்ஜினில் நாலே சிலிண்டர்கள். ஆனால், ஒவ்வொன்றும் ஐந்தே முக்கால் அங்குல அகலம்! பிஸ்டன் 8 அங்குலம் மேலும் கீழும் ஓடும். வேகமோ, நிமிடத்துக்கு 1,000 சுற்றுதான். மோட்டார் சைக்கிள் சும்மா நிற்கும்போதே இதைவிட வேகமாகச் சுற்றும். நிதானமாக ஓடும் என்ஜின் நீண்ட நாள் வாழும்.

முதலில் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பாம்பு இருக்கலாம், குளவி இருக்கலாம். ரேடியேட்டரில் எலி கூடு கட்டியிருக்கும்.

அடுத்து, புகைக் குழாய். அது வானத்தைப் பார்த்து நிற்கும். மூடி இல்லாவிட்டால் மழைநீர் அதன் வழியே என்ஜினுக்குள் இறங்கி விடும். அனுபவசாலிகள் வேலை முடிந்ததும் குழாய் மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்ப்பார்கள். காசு செலவில்லாத அந்த டப்பா, என்ஜினையே காப்பாற்றும்!

கியர் பெட்டியிலும் தண்ணீர் சேர்ந்திருக்கும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. அது அடியில் தங்கும். அடித் திருகை மெல்லத் தளர்த்தினால், முதலில் தண்ணீர் வரும். பிறகுதான் எண்ணெய் வரும்.

அவசரப்பட்டால் உடையும்

சிலிண்டருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வேறு வண்டியில் கட்டி இழுக்கிறார்கள். சம்மட்டியால் அடிக்கிறார்கள். உள்ளே ஏதாவது வளையும், அல்லது முறியும். பிழைக்க வேண்டிய என்ஜின் செத்துப் போகும்.

நல்ல மெக்கானிக் என்ன செய்வார்? துருவை இளக்கும் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊற்றுவார். பிறகு சும்மா இருப்பார். ஒரு நாள் அல்ல, பல நாள். அப்புறம் நீண்ட கம்பியால் என்ஜினை மெல்ல அசைப்பார். நூல் அளவு நகர்ந்தாலும் போதும். மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று அசைத்து அசைத்து, ஒரு நாள் முழுச் சுற்றும் சுற்றி விடும்.

செயினும் துருப்பிடித்து விறைத்திருக்கும். அதற்கும் எண்ணெய்தான் மருந்து. கிளட்சுத் தகடுகளும் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். அவற்றைத் துடைக்கும்போது கவனம் வேண்டும். பழைய கிளட்சிலும் பிரேக்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். காற்றடித்து ஊதவே கூடாது. ஈரப்படுத்தித்தான் துடைக்க வேண்டும்.

கிளப்பும் முன் நிறுத்தப் படி!

இனி, மிக முக்கியமான விஷயம்.

இந்தப் பழைய டீசல் என்ஜினைச் சாவி திருகி நிறுத்த முடியாது. டீசல் வருவதைத் தடுத்தால்தான் அது நிற்கும். டீசலை அளந்து விடும் தண்டு ஒன்று பம்புக்குள் இருக்கிறது. அந்தத் தண்டு துருப்பிடித்து, திறந்தபடியே ஒட்டிக் கொண்டிருந்தால் என்ன ஆகும்?

என்ஜின் கிளம்பியதும் வேகம் ஏறும். ஏறிக்கொண்டே போகும். நிற்காது! கடைசியில் வெடித்துச் சிதறும்.

ஆகையால், அந்தத் தண்டு தாராளமாக முன்னும் பின்னும் ஓடுகிறதா என்று பார்க்காமல் என்ஜினைக் கிளப்பக் கூடாது. அதோடு, காற்று போகும் வாயை மூடுவதற்குக் கனமான ஒரு பலகையைக் கையில் வைத்துக் கொண்டு, ஒருவர் தயாராக நிற்பார். காற்று இல்லாவிட்டால் என்ஜின் அணைந்து விடும். கையால் மூடக் கூடாது. உறிஞ்சும் வேகத்தில் கை போய் விடும்!

குட்டி என்ஜின் எழுப்பும் பெரிய என்ஜின்

இவ்வளவு பெரிய என்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்ப முடியாது. அதற்காக அதன் பக்கத்திலேயே ஒரு குட்டிப் பெட்ரோல் என்ஜினை வைத்தார்கள். இரண்டு சிலிண்டர் கொண்டது. அமெரிக்கர்கள் இதைக் "குட்டிக் குதிரை" என்று செல்லமாக அழைப்பார்கள்.

முதலில் குட்டியைக் கையால் கிளப்ப வேண்டும். குட்டி, பெரிய என்ஜினைச் சுற்றும். அப்போது பெரிய என்ஜினின் அழுத்தத்தை ஒரு நெம்புகோலால் தளர்த்தி வைப்பார்கள். அது லேசாகச் சுற்றும். எண்ணெய் எல்லா இடத்துக்கும் பாயும். இரண்டுக்கும் குளிர்விக்கும் தண்ணீர் ஒன்றே. ஆகவே, குட்டியின் சூட்டில் பெரியதும் சூடேறும். பனிக் காலத்திலும் கிளம்பும்.

சில நிமிடங்களுக்குப் பிறகு அழுத்தத்தைக் கொடுத்து, டீசலைத் திறப்பார்கள். ஒரு முறை இருமும். கரும்புகை வரும். இன்னொரு முறை இருமும். பிறகு "டக்... டக்... டக்..." என்று நிதானமாக ஓடத் தொடங்கும். முதலில் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் ஏறாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். கைதட்டுவதெல்லாம் அப்புறம்தான்.

ஸ்டீயரிங் இல்லாத வண்டி

ஓட்டுவது ஒரு தனிக் கலை. இதில் ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. இரண்டு நெம்புகோல்கள், இரண்டு பிரேக்குகள். இடது நெம்புகோலை இழுத்தால் இடது செயினுக்குச் சக்தி போகாது. வலது செயின் மட்டும் தள்ளும். வண்டி இடது பக்கம் திரும்பும்.

ஆனால், சரிவில் இறங்கும்போது இது தலைகீழாக மாறும்! சக்தி போகாத இடது செயின், சரிவில் தானே வேகமாக உருளும். வலது செயினை என்ஜின் பிடித்து நிறுத்தும். வண்டி வலது பக்கம் திரும்பி விடும். இது தெரியாதவர் பள்ளத்தில் விழுவார். பழைய புல்டோசர்களில் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டும் கிடையாது. வண்டி கவிழ்ந்தால் ஆள் அதன் அடியில்தான்! இன்று பழைய வண்டிக்கும் அந்தக் கூண்டைப் பொருத்திக் கொள்வது புத்திசாலித்தனம்.

முதல் கியரில் வேகம் மணிக்கு சுமார் 2 கிலோ மீட்டர்தான். குழந்தைகூட முந்தி விடும். ஆனால், அதன் தள்ளும் பலம் சொல்லி முடியாது. பிளேடை ஒரே அடியாக ஆழப் பதிக்கக் கூடாது. மெல்லிய படலமாகச் சீவிக் கொண்டே போக வேண்டும். போன தடத்திலேயே மறுபடி போனால், இரு பக்கமும் வரப்பு எழும்பும். மண் சிதறாது. ஒரே தடவையில் அதிக மண் போகும்.

வேலை முடிந்தால் பிளேடைத் தரையில் இறக்கி விட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். பழைய டி-7 வண்டிகளில் பிளேடு பெரும்பாலும் இரும்புக் கயிற்றில்தான் தொங்கும். கயிறு அறுந்தால் பிளேடு தலையில் விழும். தூக்கிய பிளேடுக்கு அடியில் யாரும் போகக் கூடாது. பக்கத்தில் குழந்தைகளை விடவே கூடாது.

துருவை வெல்வது பொறுமை. பலத்தை அடக்குவது நிதானம். இந்த இரண்டும் உள்ளவர் கையில், தாத்தா காலத்து எந்திரம் பேரன் காலத்திலும் மண் தள்ளும். இல்லாதவர், அதைப் புதரிலேயே விட்டு விடுவது நல்லது!