இடைமறிக்கப்பட்ட அழைப்பும் இடம்மாறிய உழைப்பும்

கணனியின் உள்ளமைப்புப் பற்றிய பிரச்சினைகள் பொறியியலாளருக்கு மட்டுமே உரியன என்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. எனினும், ஒரு கருவியின் அமைப்பிலே எவருடைய உழைப்புச் சேமிக்கப்படுகின்றது, அவ்வாறு சேமிக்கப்பட்ட உழைப்பு எவர்மீது சுமத்தப்படுகின்றது என்பது தொழில்நுட்ப வினா மட்டுமன்று, சமூக வினாவுமாகும். பணிசெயல் முறைமையின் ‘கேர்னல்’ எனப்படும் கருவிலே தோன்றும் சிறியதொரு பிரச்சினையைக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு செய்நிரல் விசைப்பலகையிலிருந்து எழுத்துகளைப் பெறவோ, கோப்பொன்றில் எழுதவோ வன்பொருளை நேரே அணுகுவதில்லை; கருவிடமே வேண்டுகின்றது. இவ்வேண்டுகோளே முறைமை அழைப்பு எனப்படும். கேட்டது உடனே கிடைக்காவிடின் கரு அச்செய்நிரலை உறங்கவைக்கும். அவ்வேளையிலே அதற்கு ஒரு சைகை வந்துசேரலாம். குறித்த நேரம் கடந்திருக்கலாம், அல்லது பயனர் நிறுத்தக் கட்டளையிட்டிருக்கலாம். சைகையைக் கையாளும் பகுதி செய்நிரலுக்கு உரியதாதலின், அது கருவுக்கு வெளியே, பயனர் நிலையிலேயே இயங்குதல் வேண்டும். செய்நிரலோ கருவினுள்ளே வேலையின் நடுவில் நிற்கின்றது. இதுவே முரண்பாடு.

இதற்கு மூன்று வழிகள் உள. முதலாவது, அழைப்பு முடியும்வரை சைகையைக் காக்கவைத்தல். எவரும் விசையை அழுத்தாவிடின் அக்காத்திருப்புக்கு முடிவே இல்லை. இரண்டாவது, அழைப்பைக் கைவிட்டு, ‘இடைமறிக்கப்பட்டது’ என்னும் பிழைக்குறியுடன் திரும்புதல். மூன்றாவது, அழைப்பு நிகழுமுன் இருந்த நிலைக்குச் செய்நிரலை மீளக் கொண்டுசென்று, சைகையைக் கையாண்டபின் அதே அழைப்பைத் தானாகவே மீண்டும் தொடங்குதல்.

மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1960களின் பிற்பகுதியில் உருவான ஐ.ரி.எஸ். என்னும் முறைமை மூன்றாவது வழியைக் கைக்கொண்டது. நடுவழியில் நிற்கும் அழைப்பு அங்கு வெளியே புலப்படாது. ஓரளவு வேலை முடிந்திருப்பின், எஞ்சியது எவ்வளவு என்பது செய்நிரலின் தரவுகளிலேயே பதியப்படும்; மீளத் தொடங்கும் அழைப்பு எஞ்சியதை மட்டுமே செய்யும். நியூஜேர்சியிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த யூனிக்ஸ் இரண்டாவது வழியைத் தெரிந்தது. பிழைக்குறியைக் கண்டு மீண்டும் அழைக்கும் பொறுப்பு செய்நிரல் எழுதுவோருடையதாயிற்று.

றிச்சர்ட் கேப்ரியல் 1991இல் அச்சில் வெளிவந்த தமது கட்டுரையிலே இவ்வேறுபாட்டை இரு சிந்தனைப் பள்ளிகளின் அடையாளமாகக் காட்டினார். பயன்படுத்துவோருக்கு எளிமை வேண்டும் என்றது ஒரு பள்ளி; ஆக்குவோருக்கு எளிமை வேண்டும் என்றது மற்றையது. பிந்தியதே பரவியதற்கு அதன் ஆக்க எளிமையைக் காரணமாக அவர் கூறினார். இவ்விளக்கம் கூர்மையானது, ஆயினும் முழுமையானதன்று. 1956ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்வு ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தைத் தொலைத்தொடர்புக்கு அப்பாற்பட்ட வணிகத்திலிருந்து விலக்கிவைத்திருந்தது. எனவே யூனிக்ஸ் அதன் மூலநிரலோடு சிறுகட்டணத்திற்குப் பல்கலைக்கழகங்களைச் சென்றடைந்தது. 1973இல் அது சி மொழியில் மீள எழுதப்பட்டமையால் வேறு பொறிகளுக்கும் பெயரக்கூடியதாயிற்று. ஐ.ரி.எஸ். முறைமையோ ஒரே பொறிக் குடும்பத்தின் பொறிமொழியோடு பிணைந்து, 1990இல் அந்நிறுவகத்தில் ஓய்ந்தது. பரவலின் அடித்தளம் கருத்தில் மட்டுமன்று, உடைமை உறவுகளிலும் இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

யூனிக்ஸின் தெரிவினால் கருவை எழுதிய சிலரின் உழைப்புக் குறைந்தது உண்மையே. ஆனால் அவ்வுழைப்பு மறைந்துவிடவில்லை. பிழைக்குறியைச் சோதித்து மீண்டும் அழைக்கும் அதே சில வரிகளை எண்ணற்ற செய்நிரலாளர் எழுதவேண்டியதாயிற்று. எழுத மறந்த இடங்களில் செய்நிரல்கள் காரணம் புரியாது தவறின. பைதன் மொழி 2015இல் தனது 3.5ஆம் பதிப்பிலே அம்மீளழைப்பைத் தன்னுள் ஏற்றுக்கொண்டமை, சிதறிய உழைப்பை ஓரிடத்திற் சேர்த்த செயலாகும்.

எனினும், தானியங்கி மீள்தொடக்கமே முடிந்த தீர்வு எனக் கொள்வதும் தவறாகும். பேர்க்லியின் 4.2 பி.எஸ்.டி. 1983இல் அழைப்புகளைத் தானாக மீளத் தொடங்கியது. ஆனால், காத்திருப்பை முறித்து வெளியேறுவதற்கென்றே சைகையைப் பயன்படுத்திய செய்நிரல்கள் இதனால் இடருற்றன. ஆகவே 1986இன் 4.3 பி.எஸ்.டி. தெரிவைச் செய்நிரலிடமே ஒப்படைக்கும் வழியைத் தந்தது. சைகைதோறும் இத்தெரிவைக் குறிக்கும் முறை இன்று லினக்ஸிலும் உண்டு.

லினக்ஸ் கருவிலே இது நிகழும் விதம் நோக்கத்தக்கது. உறக்கத்திலிருந்து சைகையால் எழுப்பப்பட்ட அழைப்பு, மீளத் தொடங்கலாம் என்னும் உட்குறியோடு திரும்புகின்றது. 512 முதலான இவ்வெண்கள் பயனர் நிலைக்குத் தெரியவருவதில்லை. மீளத் தொடங்குவதெனின் கரு, எக்ஸ்86 பொறிகளில், அறிவுறுத்தற் சுட்டியை 2 பைற்று பின்னகர்த்துகின்றது. அழைப்பு அறிவுறுத்தலின் நீளம் அதுவே. இதற்கு முன் எடுத்த பூட்டுகள் விடுவிக்கப்பட்டும், பாதி மாறிய நிலைகள் பழையபடி ஆக்கப்பட்டும் இருத்தல் வேண்டும்.

100 பைற்று எழுதவேண்டிய இடத்தில் 40 எழுதியபின் சைகை வந்தால், முதலிலிருந்து தொடங்குதல் அந்த 40ஐ இருமுறை எழுதுவதாகும்; எனவே 40 என்னும் எண்ணிக்கையையே திருப்பித்தருதல் வேண்டும். 10 செக்கன் உறங்கும் அழைப்பு, 7 செக்கன் கழிந்தபின் நிறுத்தப்பட்டுப் பின் தொடரவிடப்படின், மீண்டும் 10 செக்கன் உறங்குதல் பிழை. ஆகவே முடியும் நேரத்தைக் கரு தனியே குறித்துவைக்கின்றது. லினக்ஸில் கோப்பை மூடும் அழைப்பு இடைமறிக்கப்பட்டதாகத் திரும்பினும் அதன் எண் விடுவிக்கப்பட்டே இருக்கும். மீண்டும் மூட முனைந்தால், அதற்குள் அதே எண்ணைப் பெற்ற வேறொரு கோப்பு மூடப்படலாம். அனைத்தையும் மீளச் செய் என்னும் பொதுவிதி இங்கு ஆபத்தானது.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? செய்துமுடித்த வேலையை மறைக்காது கூறுதல், முடியாததைத் தடயமின்றிப் பின்வாங்குதல், தொடர்வதா விடுவதா என்னும் தெரிவை அதற்குரியவரிடம் விடுதல் ஆகிய மூன்றுமே பாதுகாப்பின் அடிப்படைகள். எளிமை என்னும் சொல்லை எதிர்கொள்ளும்போதெல்லாம், அது எவருக்கு எளிமை என வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பும் உரிமை பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று.