தீயை விசாரிக்கும் கம்பி

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஃபர்னஸ் பற்றுகிறது, ஐந்தாறு வினாடியில் அணைந்துவிடுகிறது. இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு அப்படியே நின்றுவிடும். வீட்டுக்காரர், 'ஸ்விட்சை நிற்பாட்டிப் போடுங்கோ' என்கிறார். காஸ் வரவில்லையா?"

காஸ் வருகிறது. வராவிட்டால் பற்றியே இருக்காது. புகை விசிறி, இக்னைட்டர், காஸ் வால்வு எல்லாம் தத்தம் வேலையை முடித்துவிட்டன. அதன்பிறகு கட்டுப்பாட்டு போர்ட் கேட்பது ஒரே கேள்வி: தீ உண்மையிலேயே எரிகிறதா? சில வினாடிக்குள் நம்பகமான பதில் வராவிட்டால் வால்வை மூடிவிடும். எரியாத காஸ் வீட்டுக்குள் தேங்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கண்டிப்பு.

அந்தப் பதிலைத் தருவது ஃப்ளேம் சென்சர் என்கிற மெல்லிய உலோகக் கம்பி. பீங்கான் பிடியில் இருந்து நீண்டு பர்னர் தீக்குள் நிற்கும். அது சூட்டை அளப்பதில்லை, வெளிச்சத்தைப் பார்ப்பதுமில்லை. தீயின் ஊடாக மின்சாரத்தை அனுப்பிப் பார்க்கிறது.

தீ மின்சாரத்தைக் கடத்தும். அதற்குள் எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து திரிகின்றன. போர்ட் கம்பிக்குக் கொடுப்பது இரு திசையிலும் மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம். ஒரு பக்கம் மெல்லிய கம்பி, மறுபக்கம் அகன்ற பர்னர். நல்லூர்த் தேர் நாளில் சின்னப் பிள்ளைகள் எந்த இடுக்காலும் புகுந்து வந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு அகன்ற வீதி வேண்டும். இங்கே இலேசான எலக்ட்ரான்கள் பிள்ளைகள், கனத்த அயனிகள் பெரியவர்கள். எலக்ட்ரான்கள் கம்பிக்கும் அயனிகள் பர்னருக்கும் போகும்போது மின்சாரம் தாராளமாக ஓடுகிறது. திசை மாறினால் கனத்த அயனிகள் அந்தச் சின்னக் கம்பிக்கு வந்து சேர வேண்டும். ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஏசியாகப் போனது ஒரே திசையில் ஓடும் டிசியாகத் திரும்புகிறது. அதன் அளவு சில மைக்ரோஆம்பியர் மட்டுமே. ஒரு மைக்ரோஆம்பியர் என்பது ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது, இதை ஏமாற்ற முடியாது என்பது. கம்பி எங்காவது உலோகத்தில் முட்டினாலும் மின்சாரம் ஓடும், ஆனால் இரு திசையிலும் சமமாக ஓடும். போர்ட் அதைத் தீ என்று ஏற்காது.

வாசகியின் வீட்டில் அநேகமாக அந்தக் கம்பியில் படலம் படிந்திருக்கிறது. சூட்டில் உண்டாகும் ஆக்சைடும் தூசியிலிருந்து வரும் சிலிக்காவும் சேர்ந்து மின்சாரத்தைத் தடுக்கின்றன. கண்ணுக்குக் கம்பி சுத்தமாகவே தெரியலாம். மின்சாரத்தையும் காஸையும் நிறுத்தி, ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, நுண்ணிய ஸ்டீல் வூலால் மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முரட்டு சாண்ட்பேப்பர் வேண்டாம். அது விடும் கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். துடைத்தும் அணைந்தால் பீங்கானில் வெடிப்பு, எர்த் வயரில் துரு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில வினாடி அல்ல, பல நிமிடம் எரிந்துவிட்டு அணைந்தால் சந்தேகம் வேறு: அடைத்துப்போன ஃபில்டரால் உள்ளே சூடு மிஞ்சியிருக்கலாம், அல்லது வெளிக்குழாயைப் பனி மூடியிருக்கலாம்.

ஸ்விட்சை நிற்பாட்டிப் போடுவது இவற்றில் எதற்கும் மருந்தல்ல. போர்ட் கவனமாக நிறுத்திய இயந்திரத்தை, காரணம் பாராமல் மறுபடி பற்றவைக்கிறோம், அவ்வளவுதான். குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்கச் செய்வது டொரொண்டோ நகர விதிப்படி வீட்டுக்காரரின் கடமை. பேஸ்மென்டில் இருப்பவர் படிக்க வந்த பிள்ளை என்றாலும் விதி அதுவே. அவருக்குக் கிடைக்கும் சூட்டை நாம் காட்டும் தயவாக நினைப்பது நம்மவர் சிலரிடம் ஊறிப்போன பழக்கம். அது போக வேண்டும்.

வீட்டுக்காரர்களே, குளிர் தொடங்குமுன் லைசென்ஸ் உள்ள டெக்னீஷியனை வரவழையுங்கள். சென்சரைத் துடைத்ததோடு அனுப்பிவிடாமல், மைக்ரோஆம்பியர் எவ்வளவு என்று அளந்து ஃபர்னஸ் கதவின் உட்புறத்தில் எழுதிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அந்த எண் இறங்கியிருந்தால், கீழே இருப்பவர்கள் குளிரில் விறைக்குமுன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.