பரிமாற்றச் சீட்டாட்டமும் மாறும் போட்டி முறைகளும்

ஓர் ஆட்டத்தின் விதிகள் நிலைபேறுடையனவாக இருத்தல் வேண்டும் என்பது யாவரும் எளிதில் ஏற்கும் கருத்தாகும். சதுரங்கம் ஆடுகின்ற ஒருவர் தம் காய்களை இருபது ஆண்டுகள் பெட்டியில் இட்டு வைத்திருந்து பின்னர் வெளியே எடுப்பினும், குதிரை முன்போலவே பாயும். காலாள் முன்போலவே ஒவ்வோர் அடியாக நகரும். ஆயின், ஆண்டுதோறும் புதிய காய்கள் கடைக்கு வந்து, பழைய காய்கள் இனிமேல் போட்டிக்கு உதவமாட்டா என்று அறிவிக்கப்படுமாயின் ஆடுவோர் என் செய்வர்? சினங் கொள்வரா? மகிழ்வரா? அன்றி, ஆட்டத்தையே கைவிட்டு விடுவரா? இவ்வினாக்கள் வெறுங் கற்பனையல்ல. உலகில் பல இலட்சம் பேர் ஆடிவரும் ஓர் ஆட்டத்தில் இவை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுந்த வண்ணம் இருக்கின்றன. பரிமாற்றச் சீட்டாட்டம் எனப்படும் இனத்தின் முதல்வனாகிய ‘மஜிக்: த கெதரிங்’ என்பதே அவ்வாட்டம்.

1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவில் இவ்வாட்டம் வெளிவந்தது. இதனை ஆக்கியவர் கணிதத் துறையில் கலாநிதிப் பட்டம் பெற்ற றிச்சட் காஃபீல்ட் என்பவர். வெளியிட்டது ‘விசாட்ஸ் ஒவ் த கோஸ்ட்’ என்னும் நிறுவனம். இதில் ஆடுவோர் இருவரும் மந்திரவாதிகளாகக் கருதப்படுவர். ஒவ்வொருவருக்கும் இருபது உயிர்ப் புள்ளிகள் உண்டு. சீட்டுகளிற் பொறிக்கப்பட்ட மந்திரங்களையும் விலங்குகளையும் கொண்டு எதிரியின் புள்ளிகளை அழிப்பவர் வெற்றி பெறுவர். இவ்வளவில் இது பிற சீட்டாட்டங்களிலிருந்து பெரிதும் வேறுபடுவதன்று. வேறுபாடு யாதெனின், இங்கே இருவர்க்கும் பொதுவான ஐம்பத்திரண்டு சீட்டுக் கட்டு இல்லை. சீட்டுகள் மூடிய சிறு பொதிகளில் விற்கப்படும். உள்ளே இருப்பவை எவை என்பது பொதியைப் பிரிக்கும் வரை தெரியாது. வாங்கியும், பிறரோடு மாற்றியும், ஒவ்வொருவரும் தமக்கெனக் கட்டொன்றை அமைத்துக் கொள்வர். போட்டிக் கட்டில் அறுபது சீட்டுகளேனும் இருத்தல் வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக ஒரே பெயருடைய சீட்டு நான்கிற்கு மேல் இருத்தலாகாது. ஆகவே, ஆட்டத்தின் பாதி மேசைக்கு வருமுன்னரே, கட்டினை அமைக்கும் சிந்தனையிலேயே நடந்து முடிந்து விடுகின்றது.

இத்தகைய ஆட்டம் ஒன்று தோன்றிய உடனேயே ஓர் இடர்ப்பாடும் உடன் தோன்றிற்று. முதற் பதிப்புகள் சிறிய அளவிலேயே அச்சிடப்பட்டு விரைவில் விற்றுத் தீர்ந்தன. அவற்றுள் ‘பிளாக் லோட்டஸ்’, அதாவது கருந்தாமரை, போன்ற சில சீட்டுகள் மிகுந்த வலிமை வாய்ந்தவை. முதலில் வந்தவர் கையில் அவை இருந்தன. பின்னர் வந்தவர்க்கு அவை கிடைத்தல் அரிதாயிற்று. எல்லாச் சீட்டுகளும் என்றென்றும் செல்லும் என விட்டுவிட்டால் இரண்டு தீமைகள் விளையும். புதியவர் ஒருவர் போட்டியில் நுழைவதற்குப் பழைய சீட்டுகளைத் தேடிப் பெரும் பொருள் செலவிட நேரும் என்பது ஒன்று. பழைய சீட்டுகளை வெல்லத்தக்க புதுச் சீட்டுகளை மேலும் மேலும் வலிமையுடையனவாக ஆக்கினாலன்றி எவரும் வாங்கார் என்பது மற்றொன்று.

இதற்குப் பரிகாரமாக 1995ஆம் ஆண்டு ஜனவரியில் போட்டிகள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டன. முதல் வகையில் ஏறக்குறைய எல்லாச் சீட்டுகளும் இடம் பெறலாம். இரண்டாம் வகையில் அடிப்படைத் தொகுதியின் மிகப் புதிய பதிப்பும், அண்மையில் வெளிவந்த விரிவுத் தொகுதிகள் இரண்டும் மாத்திரமே இடம் பெறலாம். இவ்விரண்டாம் வகையே பிற்காலத்தில் ‘ஸ்டாண்டட்’, அதாவது நியம முறை, எனப் பெயர் பெற்றது. புதுநீர் வரத்தும் பழைய நீர்ப் போக்கும் உடைய குளத்தோடு இதனை ஒப்பிடலாம். புதிய தொகுதிகள் உள்ளே வரப் பழையவை வெளியேறும். இவ்வெளியேற்றத்தினை ஆடுவோர் ‘சுழற்சி’ என்பர்.

சுழற்சியை ஆடுவோர் அனைவரும் ஒரே மனத்துடன் ஏற்பதில்லை. கட்டு அமைப்பதிலே இன்பங் காண்போர்க்கு அது திருநாளை ஒத்தது. நேற்று வரை வென்ற கட்டு மறைய, யாவரும் அறியாத புதுக்களம் ஒன்று திறக்கின்றது. பரிசுக்காக ஆடுவோர்க்கு அது ஒரு சோதனை. பிறரினும் முந்திப் புதுக்களத்தை ஆராய்ந்து அறிந்தவரே வெல்வர். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து ஒரே ஒரு கட்டினை அமைத்துக்கொண்ட மாணவனுக்கோ அது இழப்பு; அவன் கையிலுள்ள சீட்டு அழியவில்லையாயினும் அதனைக் கொண்டு அமரும் இடம் அழிந்து விடுகின்றது. சீட்டுகளைச் சேமித்து வைப்போர், ஆட்டத்தில் நிகழ்வது யாதாயினும் தம் சேமிப்பின் பெறுமதி குறையலாகாது என்பர். இந்நால்வரும் கூறுவனவற்றில் நியாயம் உண்டு. ஒருவரை மகிழ்விக்கும் மாற்றம் மற்றொருவரை வருத்துவது இதனாலேயே.

சேமிப்போரின் சினத்தை நிறுவனம் மிக விரைவிலேயே கண்டது. 1995ஆம் ஆண்டில் ‘குரொனிக்கல்ஸ்’ என்னும் தொகுதியின் வாயிலாகப் பழைய சீட்டுகள் பல மறுபடியும் அச்சிடப்பட்டன. புதியவர் மகிழ்ந்தனர், அருமை கருதி அவற்றைச் சேமித்தோரும் வணிகரும் கொதித்தெழுந்தனர். அதன் விளைவாக 1996ஆம் ஆண்டில், குறிப்பிட்ட சில சீட்டுகளை மீண்டும் அச்சிடுவதில்லை என்ற வாக்குறுதியொன்று வெளியாயிற்று. அவ்வாக்குறுதி இன்றும் காக்கப்பட்டு வருகின்றது.

ஒருவர்க்கு அளித்த வாக்கு மற்றொருவர்க்கு மதிலாதலும் உண்டு. பழைய சீட்டுகளை அனுமதிக்கும் ‘லெகசி’ என்னும் முறை 2004ஆம் ஆண்டில் தனி முறையாக அமைந்தது. ஆயின், அதற்கு வேண்டிய நிலச் சீட்டுகளிற் சிறந்தவை மறுபடி அச்சிடப்படாத பட்டியலில் அடங்கியிருந்தன. ஆடுவோர் தொகை பெருகப் பெருகச் சீட்டுகளின் விலையும் ஏறிற்று. எனவே, 2011ஆம் ஆண்டில் ‘மொடேர்ன்’ என்னும் மற்றொரு முறை வகுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்பு முதலாக வந்த சீட்டுகளே இதிற் செல்லும். அவற்றுள் எதுவும் மேற்சொன்ன வாக்குறுதிக்கு உட்பட்டதன்று. தேவைப்படும்போது மீண்டும் அச்சிடலாம். இங்கே சுழற்சியும் இல்லை. ஒருமுறை அமைத்த கட்டினைப் பல்லாண்டு வைத்து ஆடலாம் என்ற நம்பிக்கையுடன் பலர் இம்முறையை நாடினர்.

சுழற்சியின் வேகம் பற்றிய வரலாறும் அறியத்தக்கது. நியம முறையில் ஒரு தொகுதி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வரை செல்லுபடியாதலே நெடுநாள் வழக்கம். 2014ஆம் ஆண்டில் நிறுவனம் இதனை மாற்ற முனைந்தது. சுழற்சி ஆண்டிற்கு இருமுறை நிகழும். ஒரு தொகுதியின் ஆயுள் பதினெட்டு மாதங்களாகக் குறையும் என்று அறிவித்தது. புதுமை விரைந்து வந்தால் ஆடுவோர் மகிழ்வர் என்பதே அதன் எண்ணம். 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் இப்புதிய ஏற்பாட்டின்படி முதற் சுழற்சி நிகழ்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே, ஆண்டிற்கு ஒருமுறை என்ற பழைய ஒழுங்கிற்கு மீள்வதாக நிறுவனம் அறிவித்துவிட்டது. கட்டினை அமைத்துப் பழகி, அதன் நுட்பங்களை உணர்ந்து, அதன் பயனை நுகர்வதற்கு வேண்டிய காலம் ஆடுவோர்க்குக் கிடைக்கவில்லை. புதுமை வேண்டும் என்போரும், தாம் கற்றது கைக்கு வருமுன் மறைந்துவிடுவதை விரும்பார் என்பது இதனாற் புலனாயிற்று. பின்னர், 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் தொகுதிகளின் ஆயுள் மூன்று ஆண்டுகளாக நீட்டப்பட்டது. கடைகளில் நேருக்கு நேர் அமர்ந்து நியம முறையில் ஆடும் வழக்கம் தளர்ந்திருந்தமையால், அதனை மீண்டும் தழைக்கச் செய்வதே அதன் நோக்கம்.

சுழற்சி முன்னறிவிப்புடன் வருவது. தடையோ திடீரென வருவது. ஒரு சீட்டு எதிர்பாராத வலிமையுடன் போட்டிகளை ஆட்கொள்ளுமாயின் அது விலக்கப்படும். 2005ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியம முறையில் எட்டுச் சீட்டுகள் ஒருங்கே விலக்கப்பட்டன. ஒரே வகைக் கட்டு எங்கும் வென்றுகொண்டிருந்தமையால் பலர் சலிப்புற்றிருந்தனர். தடை அவர்களுக்கு ஆறுதலளித்தது. அதே தடை, அக்கட்டினை நம்பிப் பொருள் செலவிட்டோர்க்கு அடியாயிற்று.

தடை விதிக்கும் முறையிலும் நயமுண்டு என்பதற்கு 2011ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். அவ்வாண்டில் விலக்கப்பட்ட இரு சீட்டுகளுள் ஒன்று, நிறுவனமே ஆயத்தஞ் செய்து விற்ற கட்டொன்றினுள் அடங்கியிருந்தது. அக்கட்டினை வாங்கியவர் அதில் ஒரு சீட்டையும் மாற்றாது அப்படியே ஆடுவாராயின், அவர்க்குத் தடை பொருந்தாது என விதி செய்யப்பட்டது. பெட்டியை நம்பி வாங்கிய எளியவர் ஏமாறலாகாது என்பதே அவ்விதியின் கருத்து. இதற்கு மாறாக, 2017ஆம் ஆண்டு ஏப்ரலில், நியம முறையில் புதிய தடை எதுவும் இல்லை என்று அறிவித்த நிறுவனம், இரண்டே நாட்களில் சீட்டொன்றினை விலக்கியது. அத்தடை ஆட்டத்திற்கு நன்மை பயக்கும் என்று கருதியோர் பலர். எனினும், முதலறிவிப்பை நம்பி அவ்விரு நாட்களுள் சீட்டு வாங்கியவர் மனம் எவ்வாறு இருந்திருக்கும்? மாற்றம் சரியாயினும், வந்த விதம் தவறாயின் நம்பிக்கை குன்றும்.

மொடேர்ன் முறையிலும் இக்குறை பின்னர் எழுந்தது. 2019, 2021, 2024ஆம் ஆண்டுகளில், நியம முறையைத் தொடாது நேரே மொடேர்ன் முறைக்குள் புகும் தொகுதிகள் வெளியிடப்பட்டன. அவற்றின் சீட்டுகள் வலிமை மிக்கவையாகையால் பழைய கட்டுகள் பல பின்தள்ளப்பட்டன. பழைய சீட்டு எதுவும் சுழற்சியால் வெளியேறவில்லை. ஆயினும் வெல்ல விரும்புவோர் புதியனவற்றை வாங்கியே தீரவேண்டியதாயிற்று. பெயரளவில் சுழற்சி இல்லை, நடைமுறையில் உண்டு என்று ஆடுவோர் குறைகூறியது இதுபற்றியே.

இங்ஙனம் அலைப்புண்ட ஆடுவோர் வாளா இருந்தாரல்லர். தமக்கு வேண்டிய முறைகளைத் தாமே வகுத்தனர். ஸ்வீடன் தேசத்திலே, 1993, 1994ஆம் ஆண்டுச் சீட்டுகளை மாத்திரம் கொண்டு ஆடும் முறையொன்று தோன்றிப் பிற நாடுகளுக்கும் பரவியது. 1990களில் அலாஸ்காவில் முளைவிட்டுப் போட்டி நடுவர்களால் வளர்க்கப்பட்ட மற்றொன்று, இன்று ‘கொமாண்டர்’ என்னும் பெயருடன் மிகப் பரவலாக ஆடப்படும் முறையாகத் திகழ்கின்றது. அதில் நூறு சீட்டுகள். அடிப்படை நிலங்கள் தவிர எச்சீட்டும் ஒன்றுக்கு மேல் இல்லை. பெரும்பாலும் நால்வர் சேர்ந்து ஆடுவர். பரிசிலும் நட்பே பெரிதென்ற கருத்தில் தோன்றிய முறை அது.

அங்கும் மாற்றத்தின் வெப்பம் தணிந்திலது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொமாண்டர் முறையைப் பேணிவந்த தொண்டர் குழு நான்கு சீட்டுகளைத் தடை செய்தது. அவற்றுட் சில பெருவிலை பெற்றவை. சினம் விவாத எல்லையைக் கடந்து மிரட்டலாக மாறிற்று. ஊதியம் கருதாது உழைத்த அக்குழுவினர் ஒரு வாரத்துள் பொறுப்பினை நிறுவனத்திடமே ஒப்படைத்து விலகினர். இழப்புற்றவர்க்கு வருத்தம் இயல்பே. ஆயின், சீட்டொன்றின் விலைக்காக மனிதரை அச்சுறுத்துவது எவ்வாட்டத்தின் விதியிலும் அடங்காது. நட்பை நாடித் தோன்றிய முறைக்கே இந்நிலை நேர்ந்தமை மிகவும் வருந்தத்தக்கதாகும்.

இவ்வரலாற்றினைத் தொகுத்து நோக்குங்கால், ஆடுவோர் மாற்றத்தை வெறுப்பவர் என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது. மாறாத நீர் தேங்கும் என்பதை அவர்கள் நன்கறிவர். ஒரே கட்டு எந்நாளும் வெல்லும் களத்தை விட்டு முதலில் நீங்குவோரும் அவர்களே. அவர்கள் வேண்டுவன மூன்று. மாற்றம் எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிதல் வேண்டும். கற்றதையும் வாங்கியதையும் பயன்கொள்ளப் போதிய காலம் வேண்டும். சொன்ன சொல் சொன்னபடி நிற்றல் வேண்டும். போட்டி முறை என்பது எந்தச் சீட்டுச் செல்லும், எது செல்லாது என்று கூறும் பட்டியல் மாத்திரமன்று. விதி செய்வோர்க்கும் அதன்கீழ் ஆடுவோர்க்கும் இடையிலான உடன்படிக்கையும் ஆகும். சிறுகச் சேர்த்த பணத்தில் கட்டமைத்து முதற் போட்டிக்கு வரும் மாணவனுக்கு, அடுத்த ஆண்டு தன் சீட்டுகளுள் எவை செல்லும் என்பது இன்றே தெரிந்திருத்தல் வேண்டும். அதனை அறிந்து அமர்பவன் தோல்வியைக்கூட மகிழ்வோடு ஏற்பான்.