பழைய கார்களில் ஆயில் கசிவும் எஞ்சின் தேய்மானமும்

பழைய காரில் எஞ்சின் ஆயில் குறைவது பெரும்பாலும் இரண்டு வழிகளில் நிகழ்கிறது. ஒன்று, ஆயில் வெளியே ஒழுகுவது, இது கசிவு. மற்றொன்று, ஆயில் சிலிண்டருக்குள் ஏறி எரிபொருளுடன் சேர்ந்து எரிவது; இதைப் பட்டறைகளில் "வண்டி ஆயில் குடிக்கிறது" என்பர். கசிவு ஒரு கேஸ்கெட்டை மாற்றுவதோடு முடிந்துவிடலாம். எரிவது ரிங், பிஸ்டன், ரீபோர் வரை இழுக்கலாம். இரண்டுக்கும் செலவில் பல மடங்கு வேறுபாடு இருப்பதால், எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் எது நடக்கிறது என்று உறுதிசெய்வது முக்கியம்.

இந்தியாவில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஆய்வுக்கு உட்படுத்தி 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்குப் புதுப்பிக்க வரும் கார்களின் உரிமையாளர்கள், வண்டிக்குச் செலவு செய்வதா, விற்றுவிடுவதா என்று முடிவெடுப்பதும் அந்த நேரத்தில்தான். 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதையொட்டி வளர்ந்த லேத் பட்டறைகளும் உள்ள இப்பகுதியில் எஞ்சின் வேலைக்கு ஆள் கிடைப்பது கடினமல்ல. அந்த வேலை உண்மையில் தேவையா என்பதே கேள்வி.

கசிவைக் கண்டறிதல்

காரின் அடியில் தெரியும் ஈரம் எல்லாம் ஆயில் அல்ல. சென்னையின் புழுக்கத்தில் அதிகமாகச் சொட்டுவது ஏ.சி. தண்ணீர்தான்; அது நிறமற்றது, கவலைக்குரியதல்ல. பச்சை அல்லது இளஞ்சிவப்பாக இருப்பது பெரும்பாலும் ரேடியேட்டர் கூலன்ட். சிவந்த எண்ணெய் பவர் ஸ்டீயரிங்கிலிருந்து வந்திருக்கலாம். பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் பிசுபிசுப்பது எஞ்சின் ஆயில். இரவில் காரின் கீழே ஒரு அட்டையை விரித்துவைத்தால், காலையில் நிறமும் சொட்டிய இடமும் தெளிவாகத் தெரியும்.

சொட்டும் இடமே கசியும் இடம் என்று கொள்வது வழக்கமான பிழை. ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். எஞ்சினின் மேல் மூடியில் உள்ள கேஸ்கெட் கசிந்தாலும், சம்ப் அருகில்தான் சொட்டும். ஆகவே முதலில் எஞ்சினை நன்கு துடைத்து உலர்த்த வேண்டும். பிறகு சந்தேகத்துக்குரிய இணைப்புகளின் மீது முகப் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால், பவுடரில் ஆயிலின் தடம் பதிந்திருக்கும். ஈரமான இடங்களில் எது மிக உயரத்தில் உள்ளதோ அதுவே தேடலின் தொடக்கம். டீசலை அடித்து எஞ்சினைக் கழுவும் பழைய பழக்கம் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் கெடுக்கும் என்பதால் தவிர்ப்பது நல்லது.

கசிவுக்குப் பின்னால் தேய்மானம்

அம்பாசிடரில் ஆயில் ஒழுகுவது இயல்பு என்று பலர் விட்டுவிடுவது உண்டு. அதற்கு ஒரு பொறியியல் காரணம் இருக்கிறது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனில் உருவான பழைய வடிவமைப்பு. கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீலுக்குப் பதிலாக, ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும் திருகு வடிவப் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். எஞ்சினுக்குள் அழுத்தம் கூடினால் இந்தப் பள்ளத்தால் ஆயிலைத் தடுக்க இயலாது.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் தேய்ந்தால், எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. மெக்கானிக்குகள் இதை "பேக் கம்ப்ரஷன்" என்கின்றனர். வாயு வெளியேற வழி தேடி, சீல்களின் வழியே ஆயிலையும் தள்ளிக்கொண்டு வருகிறது. மாருதி 800 போன்ற, ரப்பர் சீல் கொண்ட எஞ்சின்களிலும் இதே கதைதான். இந்நிலையில் கியர்பாக்ஸை இறக்கிப் பின் சீலை மாற்றினாலும் விரைவில் மீண்டும் கசியும். கசிவு இங்கே நோய் அல்ல, அறிகுறி.

எஞ்சின் சூடான பின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே துளையின் மேல் தளர்வாக வைத்துப் பார்க்கலாம். மூடி லேசாக அசைவது இயல்பு. துள்ளிக் குதித்தாலோ, புகை விட்டுவிட்டு வந்தாலோ உள்ளே அழுத்தம் அதிகம். ஆனால் உடனே ரிங் போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது. பிரீத்தர் குழாய் கசடு படிந்து அடைத்திருந்தாலும் இதே விளைவு தோன்றும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது. பல எஞ்சின்கள் அவசியமின்றிப் பிரிக்கப்படுவது இந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தியதால்தான்.

புகை சொல்வது

நீலப் புகை ஆயில் எரிவதன் அடையாளம். அது எப்போது வருகிறது என்பதில் விவரம் உள்ளது. இரவு முழுதும் நின்ற கார், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது புகைத்துவிட்டு அடங்கினால், வால்வு சீல்கள் இறுகிப் போயிருக்கலாம். பாடி மேம்பாலத்திலிருந்து ஆக்சிலரேட்டரை விட்டபடி இறங்கி, கீழே வந்து மீண்டும் மிதிக்கும்போது ஒரு நீலக் குமிழ் எழுந்தால், சந்தேகம் வால்வு கைடு மீது செல்லும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது தொடர்ந்து புகைத்தால் ரிங் தேய்மானம் என்று எண்ண இடமுண்டு. வால்வு சீல் மாற்றுவது, எஞ்சின் முழுவதையும் இறக்குவதைவிட மிகச் சிறிய வேலை.

கம்ப்ரஷன் சோதனை

எஞ்சினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரால் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். தனி அளவைவிட சிலிண்டர்களுக்கிடையிலான வேறுபாடே அதிகம் சொல்லும். மூன்று சிலிண்டர் கொண்ட மாருதி 800இல் 170, 168, 120 பி.எஸ்.ஐ. என வந்தால் கோளாறு மூன்றாவதில் உள்ளது. அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி மீண்டும் அளக்கலாம். அழுத்தம் நன்றாக ஏறினால், ரிங்கின் இடைவெளியை ஆயில் தற்காலிகமாக அடைத்திருக்கிறது என்று பொருள். ஏறாவிட்டால் பழுது வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கும்.

இச்சோதனை பேரிங்குகளைப் பற்றி எதுவும் சொல்லாது. சூடான எஞ்சினின் ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்குவதும், கீழிருந்து கனத்த தட்டல் ஒலி கேட்பதும் அவற்றின் அறிகுறிகள். அப்போது வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நீரில் நின்ற கார்களை வாங்குவோர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தண்ணீர் கலந்து பால் நிறமான ஆயிலுடன் சிறிது நேரம் ஓடிய எஞ்சினில், பேரிங்குகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டால் டிப் ஸ்டிக்கில் அதன் தடயம் எதுவும் எஞ்சாது.