விருந்து மேசையில் மெழுகுதிரி

கிறிஸ்துமஸ் இரவு விருந்துக்கு மேசையை அலங்கரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்பிள்ளைகளிடமே வந்து சேர்கிறது. பூச்சாடியைவிட மெழுகுதிரியே அன்று அழகு. அதற்காகக் கடையில் கண்ணைக் கவர்வதையெல்லாம் வாங்கிவிடலாகாது. வாசனைத் திரி பிரியாணியின் மணத்தையே அமுக்கிவிடும். மணமற்ற வெள்ளைத் திரியே மேல். எதிரில் அமர்பவரின் முகத்தை மறைக்காதபடி அது குட்டையாக இருக்கவேண்டும்.

நம் வீடுகளில் பெரிய எதிரி மின்விசிறிதான்! விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் இலண்டனில் சிறுவர்களுக்கென்று தொடங்கிய சொற்பொழிவுகளில் இதன் காரணத்தை விளக்கினார். சுடரைச் சுற்றி மேலெழும் காற்று மெழுகின் வெளிவிளிம்பைக் குளிர்விக்கிறது. அதனால் நடுவில் கிண்ணம்போல் குழி உண்டாகி, உருகிய மெழுகு அதில் தங்குகிறது. விசிறிக் காற்றில் சுடர் சாய்ந்தால் ஒருபக்க விளிம்பு கரைந்து மெழுகு வழியும், புகையும் எழும். விசிறியை நிறுத்த மனமில்லையென்றால், சுடரைவிட உயரமான, அகன்ற கண்ணாடிக் குவளைக்குள் திரியை நிறுத்தலாம்.

ஏற்றுமுன் நூலைக் கால் அங்குலமாக நறுக்கவேண்டும். குழம்புக் கிண்ணங்களைச் சுடருக்கு அப்பால் வைக்கவே கூடாது. பரிமாறக் குனியும் அத்தை, சித்திமாரின் நைலான் முந்தானை நொடியில் பற்றிக்கொள்ளும். சின்னத் தம்பி தங்கையர் இருக்கும் பக்கத்தில் திரியே வேண்டாம்.

விரிப்பில் மெழுகு சிந்தினால், ஆறியபின் சுரண்டி, மேலும் கீழும் காகிதம் வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும்.