சூட் அறையா, சாதாரண அறையா? ஒரு கப்பல் பயணக் கணக்கு

"ஹாஜியார், வயசான உம்மாவ ஜன்னல் கூட இல்லாத அறையிலயா போடப் போறீங்க?"

கொழும்பிலிருந்து பயண முகவர் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. வியாபாரத்தில் முப்பது வருடம் கழித்தவன் நான். எத்தனையோ பேர் எத்தனையோ பொருளை என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உம்மாவின் பெயரைச் சொல்லி யாரும் விலை பேசியதில்லை.

விடயம் இதுதான். 2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை துறைமுகங்களுக்கு வரத் தொடங்கியது. அதன் பிறகு கப்பல் பயணம் என்ற பேச்சு மன்னார் வரைக்கும் அடிபட்டது. கண் சிகிச்சைக்காக உம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. கட்டாரில் இருக்கும் தம்பி, "சிகிச்சை முடிஞ்சு டொக்டர் சரியெண்டா உம்மாவக் கப்பல்ல ஒரு சுத்துச் சுத்திக் காட்டுவம்" என்றான். ஐந்து இரவுப் பயணம். உம்மாவும் ராத்தாவும் ஓர் அறையில், நானும் மனைவியும் இன்னோர் அறையில். இரண்டுமே ஜன்னல் இல்லாத உள்ளறைகள். அப்படித்தான் பதிவு செய்திருந்தோம்.

பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது முகவரின் அழைப்பு வந்தது. உம்மாவின் அறையைச் 'சூட்' ஆக மாற்றிக்கொள்ள விசேட விலை இருக்கிறதாம். பல்கனி, தனியாக உட்கார்ந்து பேச ஒரு பகுதி, குளியல் தொட்டி, முன்னுரிமையோடு கப்பலேறும் வசதி, இன்னும் பல சலுகைகள். மேலதிகக் கட்டணம் ஆளுக்கு 45,000 இந்திய ரூபா.

முதற் கணக்கு: விலையைப் படிப்பது

கப்பல் கம்பனிகள் விலையை ஆள் கணக்கிலேதான் சொல்லும். அறை ஒன்றில் இருவர் தங்குவதாக வைத்துத்தான் அந்த விலை. எனவே 45,000 என்பது உண்மையில் 90,000. வரியும் சேர்த்தபோது ஓர் இலட்சத்தைத் தாண்டியது. அன்றைய மாற்று வீதத்தில் எங்கள் காசுக்கு ஏறத்தாழ நான்கு இலட்சம். தனியாகப் பயணம் செய்பவர் ஓர் அறை எடுத்தால் பெரும்பாலும் இரண்டாவது ஆளின் கட்டணத்தில் பெரும்பகுதியையும் அவரே கட்ட வேண்டி வரும். இதைத் தெரியாமல் ஏமாந்தவர்கள் பலர்.

ஏன் கடைசி நேரத்தில் கூப்பிட்டு விசேட விலை சொல்கிறார்கள்? மீன் வியாபாரம் தெரிந்த மன்னார்க்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பொழுது சாய்ந்தால் மீன் விலை இறங்கும். கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட பிறகு வெறுமையாகக் கிடக்கும் அறையும் அப்படித்தான். எண்ணெய்ச் செலவு, மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம் எதுவும் அந்த அறை காலியாக இருப்பதால் பெரிதாகக் குறையாது. ஆகவே கிடைக்கும் மேலதிகப் பணம் அநேகமாக முழுவதும் இலாபம். சில கம்பனிகள் பயணிகளையே விலை கேட்கச் சொல்கின்றன. அதை ஏற்றுக்கொண்டால் பணம் அப்போதே கழிக்கப்படும். பிறகு மனம் மாறினாலும் திரும்பக் கிடைப்பது அரிது.

நாம் விழும் இடம் இன்னொன்று. "ஏற்கனவே இவ்வளவு செலவழித்துவிட்டோம், இன்னும் கொஞ்சந்தானே" என்று மனம் சொல்லும். ஏற்கனவே கட்டிய பணம் கட்டியதுதான். புதிதாகக் கேட்கும் நான்கு இலட்சத்தைத் தனியாக எடுத்து வைத்து, அதற்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதே முறை.

இரண்டாம் கணக்கு: எத்தனை மணித்தியாலம்?

நான் ஒரு தாளை எடுத்து எழுதினேன். ஐந்து இரவு. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத் தூக்கம். விளக்கை அணைத்தால் எல்லா அறையும் ஒன்றுதான். சாப்பாடு மேல் தளத்தில். துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போது ஊர் பார்க்க இறங்குவோம். மாலையில் காற்று வாங்கத் தளத்துக்குப் போவோம். அறைக்குள் விழித்திருக்கும் நேரம் நாளைக்கு நான்கு மணித்தியாலம் என்று வைத்தால் மொத்தம் இருபது. நான்கு இலட்சத்தை இருபதால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு இருபதாயிரம் ரூபா!

அடுத்து, சலுகைகளின் பட்டியலை எடுத்தேன். பானங்களுக்கான சலுகையில் பெரும்பகுதி மதுபானம். நமக்கு அதன் பெறுமதி பூச்சியம். கசினோவும் அப்படியே. குளியல் தொட்டி முழங்கால் வலிக்காரருக்கு ஆபத்து. தொட்டிச் சுவரைக் காலைத் தூக்கிக் கடக்க வேண்டும், வழுக்கும். முன்னுரிமையோடு கப்பலேறுவதை எடுத்துக்கொண்டால், சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னவருக்கு எந்த வகுப்பானாலும் உதவிக்கு ஆள் வருவார். கழித்துக் கழித்துப் பார்த்ததில் எங்களுக்கு மிஞ்சியவை இரண்டு: பல்கனி, முஸல்லா விரித்து ஜமாஅத்தாகத் தொழ இடம். இவை இரண்டும் உண்மையான நன்மைகள். பழைய கப்பல்களின் உள்ளறை சுமார் 100, 120 சதுர அடிதான். கட்டில் போட்ட பிறகு ஒருவர் தொழுவதே நெருக்கம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாங்கள் போக இருந்தது ஜூலை மாதம், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அம்பாந்தோட்டைப் பக்கக் கடல் சும்மா இராது. கப்பலின் ஆட்டம் ஆகக் குறைவாக இருப்பது நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில். சூட் அறைகள் பெரும்பாலும் மேல் தளங்களில் இருக்கும். பல கப்பல்களில் முனைப் பக்கமாகவும் இருக்கும். வள்ளத்தில் அணியத்தில் இருப்பவனுக்கும் நடுவில் இருப்பவனுக்கும் உள்ள வித்தியாசந்தான். கூடுதல் காசு கொடுத்துக் கூடுதல் ஆட்டத்தை வாங்குவதும் நடக்கும். இலவசமாகத் தரம் உயர்த்தித் தருகிறோம் என்றாலும், எந்தத் தளம், எந்தப் பக்கம் என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது.

மூன்றாம் கணக்கு: யாருடைய காசு?

இவ்வளவும் எழுதிய பிறகும் நான் சூட் எடுக்கவே நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்குக் காரணம் கணக்கு அல்ல.

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து உம்மா எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தார். உடுத்த உடுப்போடு வந்த பயணம். நனைந்து, குளிரில் நடுங்கி, சின்னவனைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருந்தார். அதன் பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வருடக்கணக்கு. பின்னர் ஊருக்குத் திரும்பியும் அவர் வள்ளமோ கப்பலோ ஏறவில்லை. அந்த உம்மாவைக் கடலில் ராணி மாதிரிக் கொண்டு போக வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய மனத்திலும் இருந்த ஆசை. முகவர் என் மடியில் கைவைத்தது அந்த இடத்தில்தான்.

தம்பிமார் இருவரும் சரி என்றார்கள். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு இலட்சத்து முப்பத்து மூவாயிரம். கட்டாரில் இருப்பவனுக்கு அது பெரிதில்லை. எனக்கும் சமாளிக்கலாம். சின்னவன் ஊரில் கருவாட்டு வியாபாரம். அந்த வருடம் எண்ணெய் விலையும் ஐஸ் விலையும் அவனைப் போட்டு வாட்டியிருந்தன. ஆனாலும் இரண்டு நாளில் பணத்தைக் கொண்டு வந்து வைத்தான். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லோரும் சாப்பிட வந்திருந்தோம். சின்னவனின் மனைவி சஹனைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். உம்மா என்னை அருகே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்:

"மகன், சின்னவன்ட பொஞ்சாதிட கையப் பாத்தியா? காப்பு எங்க?"

விசாரித்தபோது விடயம் தெரிந்தது. காப்பு இரண்டும் அடகில். அதுவும் வட்டிக்கு.

உம்மாவுக்குச் சொகுசு அறை கொடுக்க, மருமகளின் கைக்காப்பு வட்டிக்கடையில்! வீண்விரயமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம் என்று மார்க்கம் காட்டும் நடுவழியை ஊருக்கு எழுதுபவன் நான். என் வீட்டிலேயே நான் அதைத் தவறவிட்டிருந்தேன்.

அன்று இரவு உம்மாவிடமே முழுவதையும் சொல்லிக் கேட்டேன். அவர் முதலில் கேட்டது, "கப்பல் எங்கட ஊர்ப் பக்கமாப் போகுமா?" என்று. போகாது என்றேன். மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஆதாம் பாலத்து மணல் திட்டுகள், சில இடங்களில் ஆழம் ஒரு மீற்றர்தான். பெரிய கப்பல்கள் அந்த வழியால் போக முடியாது, இலங்கையின் கிழக்குக் கரையாலேதான் வர வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்ப உங்கட வாப்பா போன கப்பல்?" என்றார்.

தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து தனுஷ்கோடிக்கு 1914 இல் தொடங்கிய சேவை அது. 1964 டிசம்பர் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1980களில் யுத்தத்தோடு நின்றுபோனது. வாப்பா புடைவை வியாபாரத்துக்காக அதில் பலமுறை போய் வந்தவர், எப்போதும் ஆகக் குறைந்த வகுப்பில். உயர்ந்த வகுப்பு எடுக்கக் காசிருந்தும் எடுக்கமாட்டாராம். "ரெண்டு மூண்டு மணித்தியாலத்துல இறங்கிற எனக்கு மெத்தை எதுக்கு? அந்தக் காசுக்கு நாலு சாரம் கூட வாங்கலாம்" என்பாராம். உம்மா அதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு சொன்னார்:

"எனக்குக் கடல் தெரிஞ்சாப் போதும். ராத்தா பக்கத்துல இருக்கணும். காப்ப மீட்டுக் குடுங்க."

எடுத்த முடிவு

முகவரைக் கூப்பிட்டேன். சூட் வேண்டாம். எனக்கு வேண்டியது கடல் பார்க்கும் ஜன்னல் அறை, கப்பலின் நடுப்பகுதி, லிப்ட்டுக்கு அருகில், குளியலறை வாசலில் படி இல்லாதது, சுவரில் பிடிமானம் உள்ளது. நடக்கச் சிரமப்படுவோருக்கென்று இப்படிப்பட்ட அறைகளைச் சாதாரண வகுப்புகளிலும் கப்பல்களில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். கதவு அகலம், உள்ளே இடமும் அதிகம். கேட்பவருக்குத்தான் கிடைக்கும், கேளாதவருக்கு யாரும் சொல்லமாட்டார்கள். ஒன்று இருந்தது. மேலதிகக் கட்டணம் வரியுடன் இருவருக்கும் 19,000 இந்திய ரூபா, எங்கள் காசில் எழுபதாயிரத்துச் சொச்சம். அதே இருபது மணித்தியாலக் கணக்கில் மணிக்கு மூவாயிரத்து அறுநூறு. கட்டார்த் தம்பி அதை ஏற்றுக்கொண்டான். சின்னவன் கொண்டு வந்த பணம் அன்றே அவன் கைக்குத் திரும்பியது. காப்பும் மீண்டது.

அம்பாந்தோட்டைக்கு முந்திய இரவு கப்பல் ஆடத்தான் செய்தது. உம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளறையில் இருந்த எனக்குத்தான் தலைசுற்றல். சுபஹுக்குப் பிறகு நான் போய்ப் பார்த்தபோது அவர் ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டு, தஸ்பீஹ் மணியோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தண்ணியா அண்டைக்கு எங்கள அப்பிடிப் பயமுறுத்தினது?" என்று மட்டும் கேட்டார்.

வாசகர்களுக்கு

தரம் உயர்த்துவது எப்போதும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஹஜ், உம்ராப் பொதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஹரத்துக்கு அருகிலுள்ள ஹோட்டலுக்கு வயோதிபப் பெற்றோருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது பெறுமதியானது. நாளொன்றுக்கு ஐந்து வேளையும் அந்தத் தூரத்தை அவர்கள் நடக்க வேண்டும். அதே ஹோட்டலின் ஐந்து நட்சத்திரத்துக்கும் காலைச் சாப்பாட்டு மேசைக்கும் கொடுப்பது வேறு விடயம். 2024 ஓகஸ்டில் நாகபட்டினம், காங்கேசன்துறைச் சேவை மீண்டும் தொடங்கியபோது அந்தக் கப்பலிலும் இரண்டு வகை ஆசனங்கள் இருந்தன. பயணமோ சுமார் நான்கு மணித்தியாலம். அங்கேயும் இதே கணக்குத்தான்.

எனவே அடுத்த முறை யாராவது "இன்னும் கொஞ்சங் குடுத்தால்" என்று தொடங்கினால் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தத் தொகை எவ்வளவு, ஆளுக்கா அறைக்கா? விழித்திருந்து எத்தனை மணித்தியாலம் அனுபவிப்போம்? நமக்கு உதவாத சலுகைகளைக் கழித்தால் என்ன மிஞ்சும்? இந்தப் பணம் யாருடைய மடியிலிருந்து வருகிறது?

நான்காவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் மற்ற மூன்றையும் கேட்டுப் பிரயோசனமில்லை. எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் எழுதப் படிக்கத் தெரியாத என் உம்மா.